கேள்வித்தாளைக் கடைசியில் எடுங்கள்: பூர்வகுடி மக்களோடு மனநல வேலைக்கு வருபவர்களுக்கு

வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் பத்து வருடக் கணக்கு ஒன்று உண்டு. பொதுவாக, மருத்துவர் தட்டுப்பாடு உள்ள இடமாகப் பார்த்துப் போனால்தான் அந்தப் பத்து வருடமும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் பில் போட முடியும். சிட்னியைக் கனவு கண்டு விமானம் ஏறிய நம் ஆட்களில் சிலர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலோ கேத்தரினிலோ புரூமிலோ போய் இறங்குவது இதனால்தான். நர்ஸ்களும் சமூகப் பணியாளர்களும் சைக்காலஜிஸ்டுகளும் வேறு வழிகளில் அதே ஊர்களுக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே நம் முன்னால் வந்து உட்காருபவர்களில் நிறையப் பேர் பூர்வகுடி மக்கள். நாம் படித்த பாடப் புத்தகங்களில் அவர்கள் இல்லை.

நானும் அப்படி மத்திய ஆஸ்திரேலியாவுக்கு வந்த சைக்காலஜிஸ்ட்தான். முதல் வாரத்திலேயே ஒரு பாட்டியம்மாவை என் அறைக்கு அழைத்து வந்தார்கள். உட்கார்ந்ததும் அவர் இரண்டு கேள்வி கேட்டார். "உனக்கு எந்த ஊர்?" "இந்தியா" என்றேன். "இங்கே எத்தனை நாள் இருப்பாய்?" சிரித்து மழுப்பிவிட்டு, மன உளைச்சலை அளக்கும் கே10 கேள்வித்தாளை எடுத்தேன். கடந்த நான்கு வாரத்தில் காரணமில்லாமல் களைப்பாக இருந்ததா, படபடப்பாக இருந்ததா என்று பத்துக் கேள்வி. எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்றார். அடிக்கடியா? ஆமாம். எப்போதுமா? ஆமாம். கூட்டிப் பார்த்தால் 50க்கு 46. பதறிப்போய், கூட வேலை பார்த்த பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளரிடம் ஓடினேன். அவர் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. என்ன சொன்னால் நீ விடுவாய் என்று பார்த்துச் சொல்லியிருக்கிறார்."

பாட்டியம்மா கேட்ட அந்த இரண்டு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லக் கற்க எனக்குப் பல மாதம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. வருவதற்கு முன்பே செய்ய வேண்டியது

முதலில் பெயர். பூர்வகுடி மக்கள் என்றால் இரு சாரார்: அபொரிஜினல் மக்கள் வேறு, டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் வேறு. 2021 கணக்குப்படி இரு சாராரும் சேர்ந்து ஏறத்தாழ 9,84,000 பேர், நாட்டு மக்கள்தொகையில் 3.8 சதவீதம். வெள்ளையர் வருவதற்கு முன் இங்கே 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அரெர்ன்டே மக்களின் நிலம். அங்கே பழகியதை வைத்துக்கொண்டு வடக்கே ஆர்னம் லேண்டில் பேசினால், காரைக்குடிப் பழக்கத்தைக் காஷ்மீரில் காட்டியது மாதிரி இருக்கும். 'அபொரிஜினல்' என்பதைச் சுருக்கிச் சொல்லாதீர்கள், அது இங்கே வசைச்சொல்.

இன்னொன்று, நம் ஆட்கள் அடிக்கடி வழுக்குகிற இடம். வெளுத்த தோலும் பழுப்பு முடியுமாக ஒருவர் வந்து "நான் அபொரிஜினல்" என்பார். "பார்த்தால் அப்படித் தெரியலையே" என்று வாய்வரை வரும். விழுங்கிவிடுங்கள். அந்த ஒரு வரியோடு அவர் திரும்ப வராமல் போய்விடலாம். தோலின் நிறத்தை வைத்துப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்த நாடு இது. ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை, பூர்வகுடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டதாக 1997இல் வெளிவந்த விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. போலீஸ் காவலிலும் சிறையிலும் பூர்வகுடி மக்கள் இறந்ததை ஆராய்ந்த ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணைக் குழு 1991இல் அறிக்கை தந்தது. அது எடுத்துக்கொண்ட 99 மரணங்களில், இறந்த 43 பேர் சின்ன வயதில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள். இது பழங்கதை என்று நினைத்தால், இன்றைக்கும் வீட்டுக்கு வெளியே அரசுப் பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளில் பத்தில் நான்குக்கும் மேல் பூர்வகுடிக் குழந்தைகள்.

கையில் ஃபைலோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு, கனிவாகப் பேசிக்கொண்டு வரும் ஆளைக் கண்டால் ஒரு பாட்டி ஏன் சுருங்கிப்போகிறார் என்பது இதைப் படித்தால் தெரியும். நம் தொழிலுக்கும் இதில் பங்கு உண்டு. ஆஸ்திரேலிய சைக்காலஜி சங்கம் 2016 செப்டம்பரில் பூர்வகுடி மக்களிடம் முறையாக மன்னிப்புக் கேட்டது. அவர்களின் திறமையைத் தவறாகக் காட்டிய பரிசோதனைகளைப் பயன்படுத்தியதும் அந்த மன்னிப்பில் இருக்கிறது.

"எங்களையும் வெள்ளைக்காரன்தான் ஆண்டான்" என்று பேச்சைத் தொடங்க வேண்டாம். சொல்பவருக்கு அது நெருக்கமாகத் தோன்றும். கேட்பவருக்கு, விடுதலை கிடைத்த நாட்டிலிருந்து வந்து தன் நிலத்தில் விசா வாங்கி உட்கார்ந்திருக்கும் இன்னொருவர்தான் நாம். இலங்கையில் நிலம் இழந்து வந்தவர்களுக்குச் சொல்ல வேறு கதை இருக்கும். அதையும் அவர்களாகக் கேட்கும்போது சொன்னால் போதும்.

2. முதல் இரண்டு வாரம்: நோயாளி யாரும் வேண்டாம்

முடிந்தால் உங்கள் மேலாளரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். கிளினிக்கின் வாசலில் உட்காருங்கள், வண்டியில் கூடப் போங்கள், ஃபுட்டி என்கிற ஊர்க் கால்பந்து மேட்ச்சுக்குப் போங்கள். யாருடைய வண்டியில் போகிறீர்கள், யார் பக்கத்தில் நின்று தேநீர் குடிக்கிறீர்கள் என்று ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். நம் கிராமங்களில் புதிதாக வந்த வாத்தியாரைப் பார்ப்பதில்லையா, அதேதான்.

பூர்வகுடி மக்களே நடத்தும் இடத்தில் வேலைக்குச் சேர முடிந்தால் இன்னும் நல்லது. 1971இல் சிட்னியின் ரெட்ஃபர்னில் பூர்வகுடி மக்களே தங்களுக்கென ஒரு மருத்துவ நிலையம் தொடங்கினார்கள். அந்த வழியில் இன்று நாடு முழுக்க 140க்கும் மேற்பட்ட சமூகச் சுகாதார நிறுவனங்கள் இருக்கின்றன. நிர்வாகக் குழு அந்த ஊர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவது. அதாவது உங்கள் முதலாளி, உங்களிடம் சிகிச்சைக்கு வருபவரின் அத்தையாக இருக்கலாம். அது உங்களுக்குக் காவல், தொந்தரவு அல்ல.

அங்கே இருக்கும் பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளரை வண்டி ஓட்டவும் ஆளைக் கூட்டி வரவும் இருக்கும் உதவியாளராக நடத்தும் டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் ஒரு வருடம் தாண்டவில்லை. யார் யாருக்கு என்ன உறவு, எந்த வீட்டில் போன வாரம் சாவு, யாரை யாரோடு ஒரே வரிசையில் உட்கார வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வாரம் ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்து, நீங்கள் செய்த தவறுகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு அவருக்குச் சம்பளம் உண்டா என்றும் பாருங்கள். இலவசமாகப் பாடம் எடுத்து அலுத்துப்போனவர்கள் அவர்கள்.

3. முதல் சந்திப்பு: உங்களைச் சொல்லுங்கள்

எதிரும் புதிருமாக நாற்காலி போட்டு, கண்ணைப் பார்த்து, "எப்படி உணர்கிறீர்கள்?" என்று நாம் பயிற்சி எடுத்தது இங்கே விசாரணை மாதிரிதான் இருக்கும். வெளியே போங்கள். ஆலிஸில் டாட் ஆறு வருடத்தின் பெரும்பகுதி வெறும் மணல்தான், கரையில் பெரிய யூகலிப்டஸ் மரங்கள். அந்த நிழலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு பேசலாம். குழந்தை மடியில் ஏறும், நாய் வந்து படுக்கும். பேச்சு நடக்கும்.

இந்தப் பேச்சுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் யார்னிங். மேற்கு ஆஸ்திரேலியாவில் இதை மருத்துவ உரையாடலுக்கு ஏற்றபடி மூன்றாகப் பிரித்துக் கற்றுத்தருகிறார்கள்: முதலில் உறவுப் பேச்சு, அப்புறம் நோய்ப் பேச்சு, அதற்கப்புறம் என்ன செய்யலாம் என்ற பேச்சு. நம்மில் பலர் முதலாவதை இரண்டு நிமிடச் சம்பிரதாயமாக முடித்துவிட்டு இரண்டாவதற்குத் தாவுவோம். அது தப்பு. முதல் நாள் முழுக்க முதல் பேச்சிலேயே போனாலும் பரவாயில்லை.

"எந்த ஊர்?" என்றால் "இந்தியா" என்பது பதிலே இல்லை. கேட்டது உங்கள் நிலம், உங்கள் ஆட்கள். இப்போதெல்லாம் நான் சொல்வது இப்படி: "தாமிரபரணி என்று ஓர் ஆறு. அதன் கரையில் என் அம்மாவுடைய ஊர். அம்மா இன்னும் அங்கேதான். இரண்டு அண்ணன்கள், நான்தான் கடைசி." ஆற்றில் மீன் உண்டா, அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்வி வரும். கடைசிக் கேள்வி கொஞ்சம் குத்தும். பதில் சொல்லுங்கள், அடுத்து நீங்கள் கேட்கப்போவதும் அவருக்குக் குத்தும்தானே.

உறவு விஷயத்தில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. அம்மாவின் அக்காவைப் 'பெரியம்மா' என்று சொல்பவருக்கு, ஒருவர் மூன்று பெண்களைக் காட்டி மூவருமே அம்மா என்றால் புரிந்துவிடும். பாலைநிலத்து மொழியான பிச்சாஞ்சாச்சராவில் அப்பாவுக்கும் அவருடைய சகோதரர்களுக்கும் ஒரே சொல். ஆனால் அந்தச் சொல் 'மாமா'! தாய்மாமனுக்கு 'கமுரு'. நான் முதல் மாதம் பூராவும் குழம்பினேன். மாமியாரும் மருமகனும் ஒருவரையொருவர் பார்க்காமல், பேசாமல் ஒதுங்கி நடப்பது பல சமூகங்களில் கண்டிப்பான மரியாதை. மருமகன் வந்தால் எழுந்து உள்ளே போய்விடும் பழைய காலத்து மாமியார்களைப் பார்த்தவர்களுக்கு இது விநோதமாகத் தெரியாது. குடும்பக் கூட்டம் என்று எல்லாரையும் ஓர் அறைக்குள் அடைக்கும் முன் பணியாளரிடம் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரை அழைக்கும்போதும் இதே கேள்வி: இவருக்கு அவர் என்ன முறை?

அப்புறம் மௌனம். கேள்வி கேட்டுவிட்டு நீங்கள் பத்து விநாடியில் அடுத்த கேள்வி கேட்டால், அவர் யோசித்துக்கொண்டிருந்ததைக் கலைத்துவிட்டீர்கள். வடக்கே டேலி ஆற்றுப் பக்கத்து மக்கள் இதை ததிரி என்பார்கள். உள்ளுக்குள் அமைதியாகி ஆழ்ந்து கேட்பது, காத்திருப்பது. அந்த ஊர்க்காரரான மிரியம் ரோஸ் அங்குன்மர் பௌமன் இதை நாடறியச் செய்தவர், 2021இல் ஆண்டின் சிறந்த மூத்த ஆஸ்திரேலியர் விருது பெற்றார். நம்மூரில் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி பேசாமல் இருக்கும் தாத்தாக்களை நினைத்துக்கொண்டு நான் பழகினேன்.

ரகசியம் காப்பது பற்றி முதலிலேயே நேராகச் சொல்லுங்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கும் நார்தர்ன் டெரிட்டரியில் ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் யாராக இருந்தாலும் புகார் செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதை மறைத்து மனம் திறக்க வைத்து, பிறகு புகார் எழுதினால், அந்தக் குடும்பம் மட்டும் இல்லை, அந்தத் தெருவே உங்களிடம் வராது.

4. இப்போது கேள்வித்தாள்

வேண்டாம் என்று சொல்லவில்லை. எதை எடுக்கிறோம் என்பதில் கவனம். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளை மத்திய ஆஸ்திரேலியாவில் அந்த மக்களோடு உட்கார்ந்து மாற்றி எழுதினார்கள். மனச்சோர்வு என்ற சொல்லோடு, உங்கள் ஆவி சோகமாக இருந்ததா என்றும் அதில் கேட்பார்கள். பிறகு நாடு முழுவதும் 500 பேரிடம் சரிபார்த்து 2019இல் வெளியிட்டார்கள். பதின்வயதினருக்கு, மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவைச் சேர்ந்த நியாமல் இனத்து உளவியலாளர் ட்ரேசி வெஸ்டர்மன் உருவாக்கிய கேள்வித்தொகுதி இருக்கிறது; அதற்குப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

எதைக் கேட்டாலும் "ஆமாம், இல்லை" கேள்வியாகக் கேட்காதீர்கள். மரியாதைக்காகவோ பேச்சை முடிக்கவோ "ஆமாம்" சொல்வது இங்கே மிகவும் சகஜம். "தூக்கம் வரவில்லையா?" என்பதற்குப் பதில், "ராத்திரி எப்படிப் போகிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

5. நோய் எது, நோய் இல்லாதது எது

போன மாதம் இறந்த தம்பி ராத்திரி வந்து கட்டிலருகில் நின்றான் என்று ஒருவர் சொன்னால், உடனே 'சைக்கோசிஸ்' (மனப்பிறழ்வு) என்று எழுதாதீர்கள். அதனால் அவருக்குப் பயமா, ஆறுதலா? வீட்டிலுள்ளவர்களுக்கு அது இயல்பாகத் தெரிகிறதா, அவர்களும் கவலைப்படுகிறார்களா? குடும்பமே "இது அப்படி இல்லை, இவன் சரியாக இல்லை" என்றால் அது வேறு. முடிவு செய்யும் முன் மூத்தவர் ஒருவரிடம் கேளுங்கள்.

மத்திய பாலைநிலத்தில் நங்காரி என்ற பாரம்பரிய வைத்தியர்கள் கிளினிக்குகளிலும் மருத்துவமனைகளிலும் நம் பக்கத்திலேயே வேலை செய்கிறார்கள். அவர்களில் இருவருக்கு ஆஸ்திரேலிய, நியூசிலாந்து உளமருத்துவர் கல்லூரி 2009இல் மார்க் ஷெல்டன் பரிசு கொடுத்தது. யாராவது "நங்காரியைப் பார்க்க வேண்டும்" என்றால் உங்கள் சிகிச்சைக்குப் போட்டி என்று நினைக்காதீர்கள். வண்டி ஏற்பாடு செய்து கொடுங்கள்.

ஊர் ஏக்கத்தையும் கவனியுங்கள். இங்கே 'கன்ட்ரி' என்றால் நாடு இல்லை. தன் முன்னோரின் நிலம், அதன் கதை, அதன் மீதான கடமை எல்லாம் சேர்ந்தது. அதைவிட்டு நகரத்தில் மாதக்கணக்கில் கிடப்பவர் சாப்பிடமாட்டார், தூங்கமாட்டார், அழுவார். மாத்திரையால் இது பாதிதான் தீரும். டயாலிசிஸுக்காக ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வந்து கிடந்த, மேற்குப் பாலைநிலத்துப் பின்டுபி மக்கள் இதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? அவர்களுடைய ஓவியர்கள் படம் வரைந்து, 2000இல் சிட்னியில் ஏலம் விட்டு, பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2004இல் ஆலிஸிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே இருக்கும் கின்டோரிலேயே டயாலிசிஸ் எந்திரம் ஓடத் தொடங்கியது. இன்று பர்ப்பிள் ஹவுஸ் என்று அழைக்கப்படும் அமைப்பு அதுதான். மனநல மருத்துவம் என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. நான் பார்த்தவரை மிகச் சிறந்த மனநல மருத்துவம் அதுதான்.

'சொன்ன பேச்சைக் கேட்பதில்லை' என்று பள்ளியிலிருந்து அனுப்பிவைக்கும் பையனுக்கு முதலில் காதைப் பாருங்கள். நடுக்காதுத் தொற்றும் அதனால் வரும் காது மந்தமும் இந்தக் குழந்தைகளிடம் மிக அதிகம். கவனக் குறைபாடு என்று எழுதிய எத்தனையோ தாள்களுக்குப் பின்னால் சீழ் பிடித்த காது இருந்திருக்கிறது. வருடம் ஒருமுறை மெடிகேரில் இலவசமாகக் கிடைக்கும் '715' உடல் பரிசோதனை நடந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

திட்டம் போடும்போது நோயாளியின் மூளையை மட்டும் வைத்துப் போடாதீர்கள். உடல், மனம், குடும்பமும் உறவும், சமூகம், பண்பாடு, நிலம், முன்னோரும் ஆவியும் என்று ஏழு தொடர்புகளைப் பூர்வகுடி உளவியலாளர்கள் வரைந்து வைத்திருக்கிறார்கள். மென்சீஸ் சுகாதார ஆய்வுப் பள்ளியின் 'ஸ்டே ஸ்ட்ராங்' திட்டம் படம் காட்டிப் பேச வசதியானது. உன்னைத் தாங்குவது எது, உன் பலத்தைத் தின்பது எது, முதலில் எதை மாற்றலாம்? இவ்வளவுதான். மெடிகேர் வருடத்துக்குப் பத்து அமர்வு வரை தரும். ஆற்றங்கரையில் கழிந்த அந்த முதல் நாளும் அந்தப் பத்தில் ஒன்றாகவே கழியும் என்பது எனக்கு இன்றும் எரிச்சல்.

6. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால்

பூர்வகுடி மக்களிடையே தற்கொலை விகிதம் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இங்கே மட்டும் சுற்றி வளைக்க வேண்டாம், நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம் என்று நினைப்பு வருகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். இன்றிரவு யாரோடு இருக்கலாம் என்று அவரையே கேட்டு, அந்த அத்தையையோ அண்ணனையோ அவர் சம்மதத்தோடு கூப்பிடுங்கள். 13யார்ன் என்ற 13 92 76 எண்ணில் 24 மணி நேரமும் பூர்வகுடி ஆட்களே பேசுவார்கள். அவர் பக்கத்திலிருந்தே சேர்ந்து போன் போடுங்கள். உடனடி ஆபத்து என்றால் 000. காவல்துறை வந்தால் என்ன ஆகும் என்ற பயம் அந்தக் குடும்பத்துக்கு இருக்கும், காரணம் மேலே சொன்ன, காவலில் நேர்ந்த 99 மரணம். அதனால் ஆம்புலன்ஸ் என்று தெளிவாகக் கேளுங்கள், நீங்களும் கூட நில்லுங்கள்.

7. வரவில்லை என்றால்

மூன்று முறை வரவில்லை, ஃபைலை மூடு என்பது பல அலுவலகங்களின் விதி. பெரும்பாலும் காரணம் 'சாரி பிசினஸ்', அதாவது துக்கம். நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நீளும். உறவு பெரிது என்பதால் துக்கமும் அடிக்கடி வரும். காரியத்துக்குப் போன ஆளை நம்மூரில் "ஏன் வேலைக்கு வரவில்லை" என்று கேட்போமா? இறந்தவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லாதீர்கள், படத்தைக் காட்டாதீர்கள். மத்திய ஆஸ்திரேலியாவில் அதே பெயர் கொண்ட உயிரோடிருப்பவரையும் சில காலம் பெயருக்குப் பதிலாகக் குமஞ்சாயி என்ற பொதுச்சொல்லால்தான் அழைப்பார்கள். வரவேற்பறையில் முழுப்பெயரை உரக்கக் கூப்பிடும் வழக்கத்தை எங்கள் இடத்தில் நிறுத்தியது ஒரு மதியம் நடந்த கூச்சலுக்கு அப்புறம்தான்.

8. கிளம்பும்போது

பாட்டியம்மாவின் இரண்டாவது கேள்வி இது. எத்தனை நாள் இருப்பாய்? ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்து போனவர்களை அவர் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். ஒவ்வொருவரிடமும் தன் கதையை முதலிலிருந்து சொல்லியிருக்கிறார். எனவே முதல் நாளே உண்மையைச் சொல்லுங்கள்: "மார்ச் வரை இருக்கிறேன். நீட்டித்தால் சொல்கிறேன்." நிறைய நாள் இல்லை என்று தெரிந்தால், குழந்தைப் பருவத்துக் காயங்களைத் தோண்டாதீர்கள். தூக்கம், வீடு, மாத்திரை, குடும்பச் சண்டை என்று முடிக்கக்கூடியதை எடுங்கள். போகும் முன் இரண்டு மாதம் இருக்கும்போதே அடுத்து வருபவரை, அவர் கிடைக்காவிட்டால் சுகாதாரப் பணியாளரை, கூட உட்கார வைத்துப் பேசுங்கள். உங்கள் குறிப்புகளில் எதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று சிகிச்சைக்கு வருபவரிடமே கேளுங்கள். ஈமெயிலில் விடைபெறாதீர்கள். வீட்டு வாசல்வரை போய்ச் சொல்லுங்கள். தேநீர் கொடுத்தால் குடியுங்கள். எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். ஊரின் பெயரைச் சொல்லுங்கள், ஆறு இருந்தால் ஆற்றின் பெயரையும்.